ஸ்காட்லாந்துக்குப் போன சாயத் தண்ணீர்

லண்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என்னிடம் கேட்ட கேள்வியை என் அக்கா புருஷன் ஆரணியிலேயே கேட்டு முடித்திருந்தார். அதனால் பதில் கைவசம் இருந்தது.

"கடல் தண்ணியத் தூக்கிகினு சீமைக்குப் போறியே வசந்தா, அங்க கடலே இல்லியா?" என்றார் மாமா.

"வெறுந்தண்ணி இல்ல மாமா. உள்ள உசுரு இருக்குது" என்றேன்.

"எங்க, காட்டு."

அங்கேதான் சிக்கல். கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தெரிவது வெல்லம் கரைத்த தண்ணீரின் லேசான பொன்பழுப்பு நிறம் மட்டுமே. அந்த நிறம்தான் உயிர். ஒரு சொட்டுக்குள் ஆயிரக்கணக்கான நுண்பாசிகள் ஆளுக்கு இரண்டு மெல்லிய இழைகளை ஆட்டிக்கொண்டு நீந்தும். மைக்ராஸ்கோப் இல்லாமல் இதை ஒரு சாயக்காரரை நம்ப வைக்க முடியாது. "கலர் கொஞ்சம் டல்லா கீது" என்று சொல்லிவிட்டு மாமா குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது நான் கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் இந்தப் பாசிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். மீன் எண்ணெய் உடம்புக்கு நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் இருக்கும் நல்ல சரக்கை மீன் பெரும்பாலும் தானாகச் செய்துகொள்வதில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. கடலில் பாசி அதைச் செய்கிறது, பாசியைக் குட்டிக் கடல்பூச்சி தின்கிறது, பூச்சியை மீன் குஞ்சு தின்கிறது. குறிப்பிட்ட சில கொழுப்பு அமிலங்கள் கிடைக்காவிட்டால் குஞ்சுக்குக் கண்ணும் மூளையும் சரியாக வளராது. கடலில் கழிவு கலந்தாலோ வெயில் ஏறினாலோ பாசி அந்த நல்ல கொழுப்பைக் குறைத்துக்கொள்கிறதா? இதுதான் என் கேள்வி. கேள்வி சின்னது, பதில் சொல்லும் கருவி பெரியது. அந்தக் கருவி எங்களிடம் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் இருந்தது. கோடையில் சில வாரம் வந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அங்கிருந்து அழைப்பு வந்தது.

கழிவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அது எங்கள் மாமாவின் கழிவு.

மாமா, தணிகாசலம் என்று பெயர், ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டின் தறிகளில் ஓடும் நூலில் பாதி தன் அண்டாவில் முங்கி எழுந்ததுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். பாதி இல்லாவிட்டாலும் கணிசம். பெரிய செம்பு அண்டா, கீழே விறகடுப்பு, கொதிக்கும் சாயத்தில் கொஞ்சம் ஆசிட், கம்புகளில் மாட்டித் தொங்கவிட்ட நூல் சிட்டங்கள். சாயம் ஏறிய நூலைத் தொட்டி தொட்டியாக மாற்றி அலசுவார்கள். அலசிய தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சேவூர்ப் பக்கம் போகும்.

சேவூரில் வயல் வைத்திருந்தவர் கன்னியப்பன். மாமாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அடிக்கடி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு என் வயலு அரக்கு கலருப்பா" என்று அறிவித்துவிட்டு உட்காருவார். அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. காப்பி குடித்துக்கொண்டேதான் நடக்கும். ஆனால் பல வருடமாக நடந்துகொண்டிருந்தது.

"ஆத்துல கலந்து கடலுக்குப் போறதுக்குள்ள எல்லாம் சுத்தமாயிடும்" என்பது மாமாவின் கட்சி. நான் ஆராய்ச்சிக்குக் கழிவுநீர் தேடுகிறேன் என்று தெரிந்ததும் அவரே ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்துக் கொடுத்தார். "இத்த ஊத்திப் பாரு. கடல் பாசிக்கே ஒண்ணும் ஆவலன்னா இவன் நெல்லுக்கு இன்னா ஆவப்போவுது?"

நெல் வேறு, பாசி வேறு என்று நான் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. சீமைக் கருவி சொல்வதே தீர்ப்பு, தோற்றவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. கன்னியப்பன் என்னிடம், "எம்மா, மாமான்னு பாக்காத. இருக்கறத சொல்லு" என்றார். மாமா கேனைத் துணியால் துடைத்து, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தச் சாயப் பட்டறைதான். நல்ல சேதியோடு வர வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கேனை வாங்கிக்கொண்டு போய் மாதக்கணக்கில் பாசி வளர்த்தேன். மறுபடி ஆரணிக்கு வந்தது பயணம் சொல்லிக்கொள்ள. கையில் நான்கு குடுவைகள். இரண்டில் சுத்தமான கடல்நீரில் வளர்ந்த பாசி, இரண்டில் மாமாவின் தண்ணீர் சிறிது கலந்த கடல்நீரில் வளர்ந்த பாசி. அங்கே மறுபடி வளர்க்க வேண்டியிருந்தால் உதவும் என்று மாமாவின் தண்ணீர் ஒரு புட்டியில் தனியாக.

மே மாதம். தெருவில் தறிக்கான பாவு நூலை விரிப்பவர்கள் வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு போய்விடும் பருவம். பாசிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று குடுவைகளை மாடி அறையின் ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, கலசப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வெளிநாடு போகிறவள் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனால் அந்தப் பேச்சு என் பேரன் காலம் வரை ஓடும். போளூரைத் தாண்டி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் படுத்த தோரணையிலேயே இது இப்போதைக்கு நகராது என்று புரிந்தது. பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு, மாம்பழம், "இருந்துட்டுப் போடி" எல்லாம் சேர்ந்து கூடுதலாக ஒரு நாளைச் சாப்பிட்டுவிட்டன.

திரும்பி வந்து பார்த்தால் ஜன்னலில் இரண்டு குடுவைகள்தான் இருந்தன.

"அக்கா, மீதி ரெண்டு எங்க?"

"பேஜார் பண்ணாத. நூல் ரூம்ல பத்திரமா கீது" என்றாள் சரோஜா அக்கா. "இன்னா படிச்சியோ. கலர் தண்ணிய யாராவது வெயில்ல வெப்பாங்களா? வெளுத்துப் போவாது?"

சாயக்காரர் வீட்டில் இது பாலபாடம். சாயம் போட்ட பட்டு நூலை வெயில் தொடக் கூடாது, நிழலில்தான் காயவேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெயிலைக் கண்டால் நூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியே அக்காவுக்குக் கை பழகிவிட்டது. அதே கை என் குடுவைகளையும் தூக்கியிருந்தது. ஜன்னல் இல்லாத நூல் அறையில், ஈர மணல் போட்ட வாயகன்ற பானைக்குள் இரண்டையும் இறக்கி, மேலே நனைத்த கோணியைச் சுற்றி, சின்னக் குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி வைத்திருந்தாள்.

"நாலையும் வெச்சிருப்பேன். பானையில ரெண்டுதான் புடிச்சுது" என்று வருத்தம் வேறு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இது நூல் இல்லக்கா, செடி மாதிரி. வெளிச்சம் இல்லன்னா செத்துப்பூடும்" என்று கத்தினேன். எடுத்துப் பார்த்தால் பாசி எல்லாம் அடியில் படிந்து கிடந்தது. ஜன்னலில் இருந்தவை நிறம் மாறாமல் நின்றன. இருட்டில் கிடந்த இரண்டின் மேலும் 'பழுது' என்று எழுதி ஒட்டினேன். அக்கா கைக்கு எட்டியதை எடுத்ததில் நல்ல தண்ணீர்க் குடுவை ஒன்றும் மாமாவின் தண்ணீர்க் குடுவை ஒன்றும் அகப்பட்டிருந்தன. அவள் முகம் சுருங்கிப்போய், "எனுக்கு இன்னா தெரியும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பழுதானதை எதற்குச் சுமப்பது என்று கொட்டப் போனேன். மாமாதான் தடுத்தார். நான்கு குடுவைகளுக்கென்றே அளவெடுத்து, டீக்கடையில் கிளாஸ் தூக்கிப் போகும் கம்பிக் கூடையைப் போல ஒன்று செய்து வாங்கி வைத்திருந்தார். "நாலு ஓட்டை இருக்குது. ரெண்டு காலியா இருந்தா ஆடும்மா" என்றார்.

அந்தக் கூடையோடுதான் லண்டனில் இறங்கினேன். சுங்க அதிகாரிக்கு அடர்ந்த மீசை, சோர்ந்த கண்.

"இது என்ன?"

"கடல்நீர்."

"அம்மா, நீங்கள் ஒரு தீவுக்கு வந்திருக்கிறீர்கள். சுற்றிலும் அதுதான் இருக்கிறது."

உள்ளே உயிர் இருக்கிறது என்று விளக்கி, என்னை அழைத்த ஸ்காட்லாந்துப் பேராசிரியரின் கடிதத்தைக் காட்டினேன். அவர் மாமாவின் புட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். லேசாக ரோஜா நிறம் தெரிந்தது. "இது?" என்றார். "பட்டு நூல் அலசிய தண்ணீர்" என்றேன். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் ஒருமுறை என்னைச் சொல்ல வைத்தார். பிறகு இருவரும் சிரித்து, போ என்று கை காட்டினார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டாக இருந்திருந்தால் கூடைக்கு லக்கேஜ் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் வடக்கே, ஸ்காட்லாந்தின் மலைகளுக்குள் போகும் பஸ்ஸில் இருந்தேன். ஜூன் மாதம் என்று பெயர். மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. நான் போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரையும் அதன்மேல் போர்த்திய சேலையையும் பார்த்து டிரைவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். ஹீட்டரைத் திருகிவிட்டார். கதகதப்பு காலுக்கு இதமாக இருந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சுகத்தில் தூங்கியே போனேன். விழித்தபோதுதான் ஹீட்டர் என் இருக்கைக்கு அடியில் இருப்பதும் கூடையை அதற்கு எதிரிலேயே வைத்திருப்பதும் புத்தியில் பட்டது. குடுவையைத் தொட்டால் வெந்நீருக்குப் பக்கத்தில் இருந்தது.

ஓடிப்போய் டிரைவரிடம் அணைக்கச் சொன்னேன். "உங்களுக்குக் குளிருமே" என்றார். "எனக்குக் குளிரட்டும், என் பாசிக்குச் சுடக் கூடாது" என்றேன். அப்புறம் முன் இருக்கைக் கிழவர், "அந்தப் பெண்ணுடைய பாசிக்குச் சுடுகிறதாம்" என்று பின்னால் சொன்னார். அது வரிசை வரிசையாகக் கடைசி இருக்கை வரை போனது. எல்லாரும் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நம் ஊரில் இந்நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள்.

இறங்கிய இடத்தில் மொராக் காத்திருந்தாள். ஆய்வு நிலையத்தில் கருவியைக் கவனித்துக்கொள்பவள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவள், தன் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி வைத்தாள். உப்புப் போட்டது. வாயில் வைத்ததும் ஆடி மாதத்துக் கூழ் நினைவு வந்து, ஒரு சின்ன வெங்காயம் கிடைக்குமா என்று கேட்டேன். மொராக் என்னையும் கஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே சின்ன வெங்காயம் கிடையாது. பெரியதை நறுக்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவளும் கடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

குடுவைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது வந்த மறுநாள் காலை. ஜன்னல் குடுவைகளைத்தான் முதலில் எடுத்தேன், அவைதானே என் நம்பிக்கை. நிறம் வெளிறிப் போயிருந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்துக் குனிந்தேன். ஒன்றும் நீந்தவில்லை. உடைந்த சக்கைகள் மிதந்தன. இரண்டாவது குடுவையும் அப்படியே. மாதக்கணக்கில் வளர்த்தது, ஆயிரக்கணக்கான மைல் தூக்கி வந்தது, மாமா இரண்டு கையால் கொடுத்தது, எல்லாம் சக்கை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மற்ற இரண்டு?" என்றாள் மொராக்.

"அவை பழுது. என் அக்கா இருட்டில் வைத்துவிட்டாள்."

"பார்ப்பதில் என்ன நஷ்டம்?"

பார்த்தேன். முதலில் அசைவில்லாத புள்ளிகள். பிறகு ஒரு புள்ளி நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. குளிர்ந்த அறையில் மெல்லிய விளக்கின் கீழ் இரண்டு நாள் வைத்தபிறகு இரண்டு குடுவைகளும் பொன்பழுப்பாக எழுந்து வந்தன. அப்போது நான் அழுததைப் பார்த்து மொராக் கெட்ட செய்தி என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தாள்.

யோசித்தால் வெட்கமாகத்தான் இருந்தது. வெயிலும் சூடும் பாசியை என்ன செய்யும் என்று ஆராய்பவள் நான். பாசியைக் கொண்டுபோய் ஆரணியின் மே மாதத்து ஜன்னலில் வைத்தவளும் நான். அங்கேயே பாதி வெந்ததை பஸ் ஹீட்டர் முடித்து வைத்திருக்கும். பானைக்குள் இருந்தவை இருட்டில் பட்டினி கிடந்தாலும் குளிர்ச்சியில் தெம்பைச் சேமித்துக்கொண்டன. அக்கா சொன்ன காரணம் முழுத் தப்பு, நிறம் வெளுப்பதைப் பற்றித்தான் அவள் கவலைப்பட்டாள். இருந்தாலும் பிழைத்தது அவள் தூக்கிப் போனதுதான்.

அதற்குப் பிறகு வாழ்க்கை சுகமாக ஓடியது. பாசி பெருகியது, நான் பெருத்தேன். ஒருநாள் மழை விட்டு வெயில் வந்தது. ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடந்தது. எங்கள் ஊரில் அந்த வெயிலை மார்கழி என்போம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது, எப்போது சாப்பிடுவது எப்போது தூங்குவது என்று என் வயிற்றுக்குக் குழப்பம். மொராக் கானாங்கெளுத்தியைப் பொரித்துக் கொடுப்பாள், மிளகாய்த்தூள் இல்லாமல். நான் ஊரிலிருந்து கொண்டுபோன தூளைத் தூவிக்கொள்வேன். சின்ன வயதில் அவள் அம்மா தினமும் மீன் எண்ணெய் ஒரு கரண்டி மூக்கைப் பிடித்து ஊற்றுவாளாம். "அந்த நாற்றத்துக்கெல்லாம் உன் பாசிதான் காரணமா?" என்று பாசிக் குடுவையைப் பார்த்து முறைத்தாள்.

அவள் சித்தி ஒரு தீவில் கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு ஆர்வம் பொங்கியது.

"அலசிய தண்ணீர் எங்கே போகும்?"

"கடலுக்குத்தான். வேறெங்கே?" என்றாள். சொல்லிவிட்டு என் ரோஜா நிறப் புட்டியைப் பார்த்தாள். அன்று இருவரும் கொஞ்ச நேரம் மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கருவி எங்கள் வீட்டு பீரோ உயரம் இருந்தது. பாசியிலிருந்து எடுத்த கொழுப்பை ஊசியில் ஏற்றி உள்ளே செலுத்தினால், வகை வகையாகப் பிரித்துக் காகிதச் சுருளில் மலை மலையாகக் கோடு வரைந்து தரும். மலை பெரிதாக இருந்தால் அந்தக் கொழுப்பு அதிகம். முதலில் வருபவை சாதாரணக் கொழுப்புகள், கடைசியில் வருபவை மீன் குஞ்சுக்கு வேண்டியவை.

நல்ல தண்ணீர்ப் பாசியின் காகிதத்தில் கடைசி மலை கம்பீரமாக நின்றது. மாமாவின் தண்ணீர்ப் பாசியை ஏற்றினேன். முதல் மலைகள் விறுவிறுவென்று ஏறின, மற்றதைவிட உயரமாக. மொத்த எண்ணெயும் இதில்தான் அதிகம். ஜெயித்துவிட்டார் மாமா என்று ஒரு கணம் துள்ளினேன். பேனா மேற்கொண்டு நகர்ந்து கடைசி மலை வரவேண்டிய இடத்துக்கு வந்தது. சின்ன மேடு ஒன்றைப் போட்டுவிட்டுக் கடந்து போனது.

நம்ப மனமில்லை. புட்டித் தண்ணீரைக் கலந்து புதிதாக வளர்த்து மறுபடி பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். அதே மேடு. தொல்லைப்பட்ட பாசி பெருகுவதைக் குறைத்துக்கொண்டு வெறும் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது, அதில் நல்லது குறைந்து போகிறது. ஆராய்ச்சிக்காரிக்கு இது அருமையான முடிவு. பேராசிரியர் கை குலுக்கினார். மாமாவின் மைத்துனிக்கு மட்டும் அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

"சொல்லத்தான் வேண்டுமா?" என்று மொராக்கிடம் கேட்டேன்.

"சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்?"

"அவர் சந்தோஷமாக இருப்பார்."

"நீ?" என்று கேட்டாள். நான் உருளைக்கிழங்கை உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரணிக்கு நான் வந்த சேதி எனக்கு முன்பே சேவூர் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை கன்னியப்பனின் சைக்கிள் வாசலில் நின்றது. துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார். மாமா அக்காவிடம் கேசரி கிளறச் சொல்லியிருந்தார். ஜெயிக்கப்போகிறவர் வீட்டு ஏற்பாடு.

சாயம் போட்ட சிட்டங்களைக் கட்டும் பலகையில் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

"எது என்னுது?" என்றார் மாமா.

காட்டினேன். முதல் மலைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பார்றா, எவ்ளோ ஒசரம். என் தண்ணில எண்ணெ ஜாஸ்தியாய்தான் கீது. சரோஜா, கேசரி எடுத்தா."

"ஜாஸ்திதான் மாமா" என்றேன். "ஆனா அது சும்மா கொழுப்பு. மீன் குஞ்சுக்கு வேண்டியது கடைசியில வர்றது. இந்தக் காகிதத்துல அது எவ்ளோ, உங்க காகிதத்துல எவ்ளோன்னு பாருங்க."

மாமா விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே கடைசி வரை போனார். சின்ன மேட்டில் விரல் நின்றது. மற்ற காகிதத்தைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார்.

கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். குத்திக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாழ்ந்த குரலில், "அதாம்மா, எனுக்கும் அப்டிதான் ஆவுது. கதிரு நல்லாதான் தெரியுது. தூத்திப் பாத்தா பதருதான் ஜாஸ்தி" என்றார்.

இது நெல் இல்லை என்று நான் சொல்லவில்லை.

கேசரித் தட்டோடு வந்த அக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, "நான் நெழல்ல வெச்சனே ரெண்டு, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"அது ரெண்டும்தான்க்கா பொழச்சுது. ஜன்னல்ல வெச்சது ரெண்டும் செத்துடுச்சு. நீ எடுத்து வெக்கலன்னா இந்தக் காகிதமே இல்ல. உன் மேல கத்துனதுக்கு மன்னிச்சுக்கோ."

மாமா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்னத் தோக்கடிச்சது நீதானா?" என்றார். கன்னியப்பன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் கேசரித் தட்டை வாங்கி முதலில் கன்னியப்பனிடம் நீட்டினார். கன்னியப்பன் சாப்பிட்டு, கை கழுவி, சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் போனதும் மாமா காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வசந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனுக்கு நான் பிடிச்சுக் குடுத்தது கடைசி அலசல் தண்ணி."

எனக்கு உடனே புரியவில்லை.

"நாலு தொட்டி அலசுறோம் இல்ல. மொத தொட்டி ரத்தமாட்டம் வரும். கடைசித் தொட்டி வெறுந்தண்ணி மாதிரி இருக்கும், லேசா கலரு, அவ்ளோதான். நல்ல பேரு வரட்டும்னு அதான் பிடிச்சுக் குடுத்தேன். இருக்கறதிலியே சுத்தமானது. அதுக்கே இந்த மாதிரின்னா..."

எழுந்து பட்டறைக்குள் போனார். பழைய கேனைத் தேடி எடுத்து, தானே குனிந்து, முதல் தொட்டியில் அமுக்கிப் பிடித்தார். அன்றைக்கு அரக்குச் சாயம் ஓடியிருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. மூடியை இறுக்கி, துணியால் துடைத்து, முன்பு போலவே இரண்டு கையாலும் நீட்டினார்.

"இத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். "கன்னியப்பனையும் கூப்புடறேன்."

வாங்கிக்கொண்டேன். கேன் கனமாக இருந்தது. மூடி ஓரத்தில் கசிந்த சாயம் என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிச் சில நாள் கழித்தும் அது போகவில்லை.